யார் உட்கார?

என்ஸோ மாரி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் 1974-ல் ஒரு காரியம் செய்தார். மேஜை, நாற்காலி, பெஞ்சு, கட்டில், அலமாரி என்று 19 சாமான்களுக்கு வரைபடம் போட்டு, தபால் செலவை மட்டும் அனுப்புகிற எவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். சாதாரணப் பலகை, ஆணி, ரம்பம், சுத்தியல் போதும். தொழிற்சாலைக்காரர்களையும் வியாபாரிகளையும் தவிர யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது நிபந்தனை. செய்து முடித்தவர்கள் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பலாம்.

ஏழைகளுக்கு மலிவாக நாற்காலி கிடைக்கட்டும் என்று செய்ததாக இதை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. மாரிக்கு அது எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். ஒரு மேஜையைத் தன் கையால் அறுத்து அடித்து நிறுத்திப் பார்த்தவனுக்குத்தான் கடையில் நிற்கும் மேஜையின் யோக்கியதை தெரியும் என்று அவர் நினைத்தார். விமர்சனத்துக்கு ஒரு கைப்பயிற்சி, அவ்வளவுதான். 2020-ல் அவர் இறந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அதே வழியில் எத்தனையோ பேர் தோட்டத்து பெஞ்சுக்கும் ஊஞ்சலுக்கும் வரைபடம் போட்டு இனாமாகத் தருகிறார்கள். அப்படி ஒன்று என் கைக்கும் வந்தது. நான்கு அடிக்குச் சற்றுக் குறைவான நீளம், 45 சென்டிமீட்டர் உயரம், இருவர் உட்காரும் பெஞ்சு. உளியைக் கையில் எடுத்தே அறியாதவனுக்கு என்று மேலே போட்டிருந்தது. அந்த வர்ணனை எனக்குப் பொருந்தியது.

நாமக்கல்லில் மோகனூர் ரோட்டுப் பக்கம் மரம் அறுக்கும் மில்லில் போய் நின்றபோது முதல் விஷயம் விளங்கியது. வரைபடம் தன்னுடன் தன் தேசத்து மரத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. அதில் சொல்லியிருக்கும் ஆணியும் திருகும் பைன் மரத்துக்கானவை. பைன் மெத்தென்றது, ஆணிக்கு வழிவிடும். பலகை ஒரே கனத்தில் ஒரே அகலத்தில் அங்கே கடையில் அடுக்கி விற்கப்படுகிறது. இங்கே மரம் கன அடிக் கணக்கு. கிடைத்தது வேம்பு. வேம்பின் ரேகை ஒரே திசையில் ஓடாது, ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். இழைப்புளி இந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த சாணில் எதிர்த்துக் கிழிக்கும். காய்ந்த வைரத்தில் துளை போடாமல் ஆணி அடித்தால் ஒன்று ஆணி வளையும், அல்லது முனையில் பலகை பிளக்கும். ஆனால் அதன் கசப்புக்குப் பூச்சி அஞ்சும்.

புதுக்கவிதை இறக்குமதிச் சரக்கா இல்லையா என்று வாதாடி ‘எழுத்து’ காலத்தில் எவ்வளவோ பக்கங்கள் தீர்ந்தன. வரைபடம் எங்கிருந்து வந்தால் என்ன, இங்குள்ள மரம் அதை என்ன செய்தது என்று யாராவது கொஞ்சம் கூடுதலாகப் பார்த்திருக்கலாம்.

எங்கள் தெருவில் ஓர் ஆசாரி இருக்கிறார். முப்பது வருஷம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். இந்த ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஓசூரிலிருந்தும் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் எலும்புக்கூடாக வரும் சேஸின் மேல் உடம்பைக் கட்டுவது நாமக்கல்லின் தொழில்களில் ஒன்று. அந்த நாளில் கேபின்கூட இல்லாத வெறும் சேஸில், பலகை அடித்த ஆசனத்தில், முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு டிரைவர்கள் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வருவார்கள். வெட்டவெளி ஆசனம் என்றால் எனக்கு இன்றும் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. பட்டறையில் கட்டுமானம் கண்ணிலும் கையிலும் இருந்தது. இரும்பு வேலை ஏற ஏற மர வேலை சுருங்கிவிட்டது. ஆசாரி இப்போது கதவுக்கும் ஜன்னலுக்கும் போகிறார், கூப்பிட்டால்.

வரைபடத்தை அவரிடம் நீட்டினேன். மரியாதையோடு வாங்கி, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆணி எதுக்குங்க? போல்ட் போடுங்க” என்றார். லாரிக்காரர்களின் ஞானம் அது. குலுக்கலில் ஆணி பிடி விட்டுவிடும். போல்ட்டும் வாஷரும் என்றால் சித்திரை வெயிலில் மரம் சுருங்கியபின் ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்கிக்கொள்ளலாம். மேல்பலகைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய இடைவெளி விடச் சொல்லியிருந்தது சரி என்றார். கால்களைப் பற்றி வரைபடம் மௌனம். புல்தரையில் நிற்கும் பெஞ்சு அது. மரம் தண்ணீர் குடிப்பது காலின் அடிமுனையில். கரையான் ஏறுவதும் அங்கேதான். நாலு கருங்கல் துண்டின் மேல் நிறுத்தி, அடியில் ஒரு சாண் மட்டும் கழிவு ஆயில் தடவச் சொன்னார். மேலே தடவினால் சேலையில் ஒட்டும்.

மாரியின் நிபந்தனையில் இந்த ஆளுக்கு எங்கே இடம் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் தொழிற்சாலை அல்ல. வியாபாரியும் அல்ல. செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நுகர்வோனும் அல்ல. பிற்காலத்தில் பெர்லினில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த அகதிகள் சிலர் குகுலா என்ற அமைப்பின் பட்டறையில் மாரியின் வரைபடங்களைக் கொண்டு நாற்காலி செய்தபோது, அவற்றைச் செய்து விற்கும் உரிமையை மாரியே அவர்களுக்குக் கொடுத்தார். தன் விதியைத் தானே தளர்த்திக்கொண்டது அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த விஷயம். கையால் செய்து பார்ப்பது சிலருக்கு ஞானம், சிலருக்குச் சோறு. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பலகை அறுக்கிற நான் இந்த வித்தியாசத்தை வரைபடத்திலிருந்து கற்றிருக்க முடியாது. இங்கே உளி பிடிப்பது ஒரு ஜாதியின் பெயராகவே இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுகிறோம், அவரைவிட வயதில் சிறியவர்கள்கூட.

அவர் கேட்ட இரண்டாவது கேள்வியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். “இது யாரு உக்காரங்க?”

என் அம்மாவுக்கு என்றேன். எண்பத்திரண்டு வயது, முழங்கால் வலி. வாசற்படியில் அவளை உட்காரச் சொல்லி, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை வைத்து ஒடித்தார். பதினைந்தரை அங்குலம். “ஒரு விரக்கடை ஒசத்தி வெச்சுக்கலாமுங்க, எந்திரிக்கச் சுளுவா இருக்கும்.” கையூன்றி எழுவதற்கு ஒரு பக்கம் கைக்கட்டை வேண்டும் என்றும் சொன்னார். வரைபடத்தில் அது கிடையாது. அதன் 45 சென்டிமீட்டரில் அம்மாவின் கால் தரையில் பாவியிருக்காது.

நம்மிடமும் ஆசனத்துக்குச் சாஸ்திரம் உண்டு. மானசாரத்தில் சிங்காசனங்கள் தெய்வத்துக்கும், அரசர்களின் படிநிலைகளுக்கும் ஏற்பப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உட்காருபவரின் தகுதிதான் அங்கே அளவின் தொடக்கம். எனக்குக் கிடைத்த இலவச வரைபடத்தில் தகுதி இல்லை, நல்லதுதான். ஆனால் உட்காருபவரே இல்லை. சராசரி உடம்பு ஒன்று காற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஆசாரியின் ஈர்க்கு இந்த இரண்டிலும் சேராது. அதன் இன்னொரு துண்டு விளக்குமாற்றில் இருக்கிறது.

பெஞ்சு முடிய ஆறு வாரம் ஆயிற்று. அவர் சொல்லச் சொல்ல நான் அறுத்தேன். துளைகளை மட்டும் அவர் போட்டார். எங்கே வைப்பது என்பதில் வீட்டில் தகராறு. வரைபடம் தோட்டம் என்கிறது, வேலிக்கு உள்ளே. எங்கள் வீட்டில் திண்ணை இருந்தது, சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது, காம்பவுண்டு சுவர் வந்தது. திண்ணையைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிறவர்கள் நம்மில் அதிகம். அதில் யார் உட்கார்ந்தார்கள் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. தெருவில் நின்றபடியே பேசிவிட்டுப் போனவர்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெஞ்சைச் சுவருக்கு வெளியே, வேப்பமரத்தடியில் வைக்கச் சொன்னது அம்மாதான். உள்ளே உட்கார்ந்து சுவரையா பார்ப்பது என்றாள்.

காலை ஆறரைக்கு அவள் போய் உட்காருவாள். தெருக் கூட்டும் அம்மாளுக்கும் அவளுக்கும் பல வருஷப் பேச்சு, பெரும்பாலும் வலி மருந்துகளைப் பற்றி. “உக்காரு கண்ணு” என்று அம்மா முதல் நாளிலிருந்து சொன்னாள். அந்த அம்மாள் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார். இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் பெஞ்சின் கோடியில், ஒரு தொடை மட்டும் பலகையில் படும்படி உட்கார்ந்து, மறுகாலைத் தரையில் அழுந்த ஊன்றிக்கொண்டிருந்தார், யாராவது வந்தால் எழுந்துவிட வசதியாக. நடுவே ஒன்றரை அடி காலியாக இருந்தது.

வேலைக்குப் போகிற வழியில் ஆசாரி நின்று அதைப் பார்த்தார். உட்காரச் சொன்னேன், நேரமாகிறது என்றார். பெஞ்சின் காலைத் தன் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “நீளம் பத்தலையாட்ட இருக்குதுங்க” என்றார். “அடுத்தது ஆறடியா போட்ரலாம்.”