பிங்க் பஸ்ஸும் இரண்டு முழம் மல்லியும்

வடபழனி முருகன் கோயில் பக்கம் பூ விற்கும் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று ஆனது. ஆனா எது சாதாரணம், எது சொகுசுன்னு போர்டைப் படிச்சாத்தானே தெரியும்! 2022-ல் முன்னும் பின்னும் பிங்க் பெயின்ட் அடித்த பஸ்கள் வந்த பிறகுதான் பாட்டிக்கு நிம்மதி.

அன்றைக்குக் கோயம்பேட்டில் உதிரி மல்லி வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். பிங்க் பஸ் வரவே இல்லை. வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை யார் வாங்குவார்கள்? அவசரத்தில், வந்த சிவப்பு பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். கையில் இருந்த காசெல்லாம் பூவாக மாறிப் பைக்குள் இருந்தது. அரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.

பாட்டி யாரையும் திட்டவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்தார். வாழைநாரை எடுத்தார். அங்கேயே கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"முழம் எவ்ளோ பாட்டி?" காலேஜ் போகும் பெண் ஒருத்தி கேட்டாள். பின்னாடியே இன்னொரு அம்மா.

பிங்க் பஸ் வந்தது, நின்றது, போயே போய்விட்டது. பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது முழத்தை அளந்துகொண்டிருந்தார்.