பி.டி. சார் ஏன் போனார்?

எங்கள் ஊர் மாரமங்கலத்தில் பந்தை ஓங்கி உதைக்கக் கூடாது. உதைத்தால் அது காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி, மிளகுக் கொடிகளைத் தாண்டி, நேராக சேலத்துக்கே போய்விடும். பஸ்ஸுக்குத்தான் இருபது கொண்டை ஊசி வளைவு; பந்துக்கு அதெல்லாம் கிடையாது! அதனால் ஏற்காட்டு மலையில் பிறந்த நாங்கள் பந்தைத் தரையோடு தரையாகத் தள்ளித்தான் பழகினோம். "அடேய், பிரேசில்காரன் மாதிரி ஷார்ட் பாஸ் ஆடறியேடா!" என்று ஒருத்தர் என்னைப் பார்த்து வியந்தார். அவர்தான் எங்கள் பி.டி. சார். சேலத்தில் நான் பி.காம். படித்த காலேஜின் ஃபிசிகல் டைரக்டர்.

என்னை லெஃப்ட் பேக் ஆக்கியவர் அவர். (வலது காலுக்கும் எனக்கும் ஆகாது. டெபிட், கிரெடிட்டுக்கும் எனக்கும் ஆகாதது போல.) 2007-ல் நான் இரண்டாம் வருஷம். காலேஜ்களுக்கு இடையிலான போட்டிக்குப் பத்தே நாள் பாக்கி. அப்போது பார்த்து, மனிதர் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு சென்னையில் ஒரு கிளப்புக்குக் கோச்சாகக் கிளம்பிவிட்டார்.

முதல் மேட்சிலேயே ஐந்து கோல் வாங்கினோம். அதில் இரண்டு என் பக்கமாக நுழைந்தவை. அன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து சாரைத் திட்டினோம் பாருங்கள், அவருக்கு ஒரு வாரம் விக்கல் நின்றிருக்காது. "எல்லாம் காசுதாண்டா" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

எங்களுக்குத் தெரியாத விஷயம், அதே 2007 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு மாநிலமே இன்னொரு கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தது. நிக் சபான் என்று பேர். அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். (ஏன் அந்தப் பேர் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் மைசூர்பாகில் மைசூர் இருக்கிறதா என்ன?) யுனிவர்சிட்டி மேட்சுக்கே லட்சம் பேர் கூடுவார்கள். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பது கவர்னர் அல்ல, யுனிவர்சிட்டி கோச்!

இந்த சபான் 2003-ல் லூசியானா மாநில யுனிவர்சிட்டிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2005-ல் மயாமியின் தொழில்முறை அணிக்குத் தாவினார். இரண்டு சீசன் முடிவதற்குள் அலபாமா யுனிவர்சிட்டி கூப்பிடுகிறது என்று செய்தி. "நான் போகப் போவதில்லை" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அடுத்த இரண்டே வாரத்தில் போய்விட்டார்! எட்டு வருஷத்துக்கு முப்பத்திரண்டு மில்லியன் டாலர். அவர்களும் எங்கள் ஹாஸ்டல் மாதிரியே தீர்ப்பு எழுதினார்கள்: எல்லாம் காசு.

ஆனால் மயாமியில் நடந்ததைப் பாருங்கள். 2006-ல் ட்ரூ ப்ரீஸ் என்ற ஆட்டக்காரரை எடுக்கப் பேச்சு நடந்தது. தோள்பட்டையில் ஆபரேஷன் ஆனவர். அந்த அணியின் டாக்டர்கள் தயங்கினார்கள். அவரை விட்டுவிட்டு வேறொருவரை எடுத்தார்கள். வந்தவர் அந்த சீசனில் நாலு மேட்ச்தான் ஆடினார். ப்ரீஸோ நியூ ஆர்லியன்ஸ் போய், 2010-ல் அந்த அணிக்கு சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்தார். தொழில்முறை அணியில் கோச்சின் கை அவ்வளவுதான் நீளும். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கவும் வரிசை முறை உண்டு. மோசமாகத் தோற்றவனுக்கு முதல் உரிமை. யுனிவர்சிட்டியில் அப்படியில்லை. கோச்சே பையன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவிடம் பேசி, அழைத்து வரலாம். சபான் அலபாமாவுக்கு ஆறு பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

அதே மாதம் ஜிம் ஹார்பா என்பவர் மிச்சிகன் யுனிவர்சிட்டிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த கையோடு, எதிர்த் திசையில் தொழில்முறை அணிக்குப் போனார். 2021 முதல் அங்கே யுனிவர்சிட்டிப் பையன்களும் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், அணி மாறுவதும் சுலபம் என்று ஆகிவிட்டது. வருஷா வருஷம் பையன்களைப் பிடித்து வைத்துக்கொள்வதே கோச்சுக்குப் பாதி வேலை. ஆக, ஒரு நாற்காலியில் இல்லாதது இன்னொன்றில் இருக்கிறது. அதனால்தான் எழுந்து எழுந்து உட்காருகிறார்கள்.

இதையெல்லாம் நான் படித்தது போன மாதம். படிக்க வைத்தது ஒரு போன்.

"நான் உங்க பி.டி. சார் பேசறேன்ப்பா. பதினெட்டு பசங்களைக் கூட்டிட்டு மலைல ஒரு வாரம் கேம்ப் போடணும். உங்க ஊர்ல கிரவுண்டு இருக்குன்னு சொல்லுவியே?"

இத்தனை வருஷக் கோபமும் தொண்டையில் வந்து நின்றது. வாயில் வந்ததோ, "வாங்க சார், ஏற்பாடு பண்ணிடறேன்!"

வந்தார். தலை முழுக்க நரை. விசில் மட்டும் அதே விசில். இப்போது ஒரு தனியார் காலேஜில் தொகுப்பூதியத்தில் இருக்கிறாராம். பையன்கள் ஓட, நாங்கள் இரண்டு பேரும் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். கேட்டே விட்டேன்.

"ஏன் சார் அன்னிக்கு எங்களை விட்டுட்டுப் போனீங்க? பத்து நாள் பொறுத்திருக்கலாமே?"

"பொறுத்திருந்தா கிளப்ல வேற ஆளை எடுத்திருப்பாங்க. லீன் கேட்டேன். கொடுக்கலை. சரி, ராஜினாமான்னு எழுதிட்டேன்" என்றார். "மூணு வருஷம் கஷ்டப்பட்டு ஒரு பையனைத் தேத்துவேன். டிகிரி வாங்கிட்டு அவன் எங்கயாவது கணக்கெழுதப் போயிடுவான்." (என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.) "நான் நிஜமாவே கோச்தானா, இல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற ஆளான்னு எனக்கே தெரியணும்ப்பா."

"தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது. ஆனா அங்க ஒரு பையனுக்கு இடது கால் பழக்க ஆறு மாசம் வேணும்னா, ஆறு நாள்தான் கொடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை தோத்தா திங்கக்கிழமை பேச்சு வரும். அப்புறம் ஒருநாள் ஸ்பான்சர் போனான். கிளப்பே போச்சு."

அதிசயமில்லை. பஞ்சாபின் ஜே.சி.டி. அணி முதல் தேசிய லீகையே வென்ற அணி; 2011-ல் மூடிவிட்டார்கள். 2025-ல் ஐ.எஸ்.எல். ஒப்பந்தச் சிக்கலில் நின்றபோது பெரிய கிளப்களே சம்பளத்தை நிறுத்தி வைத்தன. அமெரிக்காவில் இந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். நம் ஊரில் நிரந்தர வேலையை விட்டு வெளியே போனால் உள்ளே வரத் தொகுப்பூதிய ஜன்னல்தான்.

"ரஹீம் சாப் கொடுத்து வெச்சவர்" என்றார் சார். ஹைதராபாத்தின் எஸ்.ஏ. ரஹீம். பள்ளிக்கூட வாத்தியார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குக் கோச் ஆனார்; அந்த வருஷம் தொடங்கி வரிசையாக ஐந்து ரோவர்ஸ் கோப்பை. இந்திய அணிக்கும் அவரே கோச். 1951, 1962 ஆசியப் போட்டிகளில் தங்கம், நடுவே 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம். 1963 ஜூனில் புற்றுநோயில் இறக்கும்வரை போலீஸ் அணி அவரிடம்தான் இருந்தது. "ஒரே அணி, பதிமூணு வருஷம். அந்த டைமை யாராவது எனக்குக் கொடுத்திருந்தா நான் ஏன் எங்கயும் போறேன்?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் ஒரு சிக்கல். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுதிப் பிழைக்கிறவன் நான். சேலத்தில் ஒரு கம்பெனியிலிருந்து அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்து வீட்டில் கிடக்கிறது. சாரிடம் சொன்னேன்.

"போகலாமா, இருக்கலாமா சார்?"

அவர் வாய் திறப்பதற்குள் ஒரு பையன் பந்தை ஓங்கி உதைத்துவிட்டான். அது எங்கள் தலைக்கு மேலே பறந்து காப்பிச் செடிகளுக்குள் விழுந்தது. "எடுத்துட்டு வா, ஓடு!" என்று கத்தினார். பையனிடம் அல்ல, என்னிடம்! நானும் எழுந்து ஓடினேன். முள்ளில் கீறி, மூச்சு வாங்கி, பந்தோடு திரும்பியபோது சார் பையன்களுக்கு நடுவே நின்றிருந்தார். பதில் அவ்வளவுதான்.

ராத்திரி என் மனைவி கேட்டாள், "சார் என்ன சொன்னார்?"

"போறதுக்கு முன்னாடி, திரும்பி வர வழி இருக்கான்னு பாருன்னு சொன்னார்." (சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது அது.)

"அப்போ கம்பெனிக்குப் போங்க. ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கலாம். நாப்பது வயசுக்கு மேல கம்பெனிக்குப் போறேன்னா யார் கூப்பிடுவாங்க?"

ஹாஸ்டல் மாடியில் இவள் இருந்திருந்தால் சாரை அன்று யாரும் திட்டியிருக்க மாட்டோம். ஆர்டருக்குப் பதில் போட சனிக்கிழமை வரை டைம் இருக்கிறது. இன்றைக்கு வியாழன்.