வெட்ட வசதியாக எடுத்த நடனம்

ஒரு நல்ல ஆட்டத்துக்காக முழுப் படத்தையும் பொறுத்துக்கொள்வது நமக்கு ஒன்றும் புதிதல்ல. 1941-இல் யுனிவர்சல் எடுத்த ‘ஹெல்ஸாப்பாப்பின்’ அந்த ரகம். அதன் கோணங்கித்தனம் எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. நடுவில் வரும் லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் இன்றுவரை அலுக்கவில்லை.

பணக்கார வீட்டில் நடக்கப்போகும் நிகழ்ச்சிக்காக வாத்தியங்களை வைத்திருக்கிறார்கள். வேலைக்காரர் வேஷத்தில் வரும் கறுப்பினக் கலைஞர்கள் அவற்றை எடுத்துச் சும்மா வாசித்துப் பார்க்கிறார்கள். ஸ்லிம் கெய்லார்ட் பியானோவில் உட்கார, ஸ்லாம் ஸ்டூவர்ட் டபுள் பேஸோடு சேர்ந்துகொள்கிறார். வாசிப்பு சூடு பிடித்ததும் சமையல்காரர், பணிப்பெண், மெக்கானிக் என்று நான்கு ஜோடிகள் பாய்ந்து வருகின்றன. மெக்கானிக் உடையில் இருப்பவர் பிராங்கி மானிங். அவருடைய ஜோடி ஆன் ஜான்சன். அந்தப் பெண் காற்றில் புரண்டு இறங்கும்போது பாதம் பதிவதும் தாளம் விழுவதும் ஒன்றாக நடக்கிறது. இறங்கிய கணமே அடுத்த சுழற்சி. மூச்சு வாங்க இடமே இல்லை. பார்க்கும் நமக்குத்தான் வாங்குகிறது.

இந்த வேகம் ஸ்டுடியோவில் பிறந்ததல்ல. நியூயார்க் ஹார்லத்தில் 1926-இல் திறந்த சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கின் வேகம் அது. அங்கே இரண்டு பேண்டு மேடைகள். ஒரு குழு ஓய்ந்தால் மற்றது தொடங்கிவிடும். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தளத்தில் ஆடினார்கள், அந்தக் கால அமெரிக்காவில்!

ஹாலிவுட் அவ்வளவு தாராளமாக இல்லை. தென் மாநிலத் தியேட்டர்கள் வெட்டி எறிய வசதியாக, கறுப்பினக் கலைஞர்களின் ஆட்டபாட்டத்தைக் கதையோடு ஒட்டாத தனித் துண்டாகவே வைப்பார்கள். ‘ஹெல்ஸாப்பாப்பின்’ படத்தில் ஆடியவர்கள் ‘வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ்’ குழுவினர். டைட்டிலில் அந்தப் பெயரைக்கூடப் போடாமல் ‘ஹார்லம் காங்கெரூ டான்சர்ஸ்’ என்று போட்டார்கள். ஆனால் கதையின் தொந்தரவு இல்லாததால்தான் கேமரா தள்ளி நின்று தலை முதல் கால்வரை ஆட்டத்தையே காட்டியது என்று எனக்குத் தோன்றும். அவமதிப்பில் கிடைத்த லாபம் என்றால் கசக்கத்தான் செய்கிறது.

கறுப்பினக் கலைஞர்களையே வைத்து எடுத்த ‘ஸ்டார்மி வெதர்’ (1943) படத்தில் இந்த வெட்டு வேலைக்கு வழியில்லை. கேப் கேலோவேயின் பெரிய பேண்டு முழங்க, நிக்கலஸ் சகோதரர்கள் என்ற இரு நடனக்காரர்கள் வாத்தியக்காரர்களுக்கு நடுவே தாவுகிறார்கள். பிறகு பெரிய படிக்கட்டில் ஒருவரையொருவர் தாண்டிக் குதித்து, காலை அகல விரித்து விழுந்து, அப்படியே எழுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, லிண்டி ஹாப்புக்குத் தாளமான ஸ்விங் இசையின் மோகம் ஓய்ந்தது. மானிங் தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் ஓட்டினார். பழைய படங்களைப் பார்த்து அந்த ஆட்டத்தைக் கற்க முயன்ற இளைஞர்கள் 1980-களில் அவரைத் தேடிப் பிடித்தார்கள். 2009-இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

‘ஹெல்ஸாப்பாப்பின்’ நடனத் துண்டு இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, ஆட்டம் மட்டும் மூன்று நிமிஷம்கூட ஆகாது. ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். அடுத்த தடவை கால்களை மட்டும் பாருங்கள்.