குல்மர்க்: கற்றதை மறக்கவைக்கும் பனி

அகலப் பலகைகள் வந்தபின் ஆழப் பனியில் சறுக்குவது எளிதாகிவிட்டது. ஆபத்தும் அதே அளவுக்கு அருகில் வந்துவிட்டது.

இரவெல்லாம் கொட்டிய பனி விடியலில் ஓய்ந்திருக்கிறது. குல்மர்க்கில் குளிர்காலம்தோறும் காணும் காட்சிதான்: கோண்டோலா எனப்படும் கம்பிவட வண்டி நிலையத்தின் முன்னால் ஸ்கீ பலகைகளைத் தோளில் சாத்தியபடி நீண்ட வரிசை, ஃபெரன் அங்கிக்குள் காங்ரிச் சட்டியின் கதகதப்பை அணைத்துக்கொண்டு நிற்கும் உள்ளூர்க்காரர்கள், மேகம் விலகித் தலைகாட்டும் அபர்வாட் மலை. வரிசையில் நிற்பவர்களில் ஒரு வகையினரை வழிகாட்டிகள் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வார்கள். கீழே, சமன்செய்த சரிவில் இரண்டு குளிர்காலம் பழகியவர்கள். இடமும் வலமும் அழகாகத் திரும்பத் தெரியும். விழுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்று முதல்முறையாக ஆழப் பனியில் இறங்கப் போகிறார்கள்.

சிறிது நேரத்தில் அவர்கள் இடுப்பளவுப் பனியில் கிடப்பார்கள். ஊன்றி எழலாம் என்று கோலைக் குத்தினால் அது கைப்பிடி வரை உள்ளே போகும். காலிலிருந்து கழன்ற பலகை எங்கே புதைந்தது என்பதும் தெரியாது. விழுந்து கிடக்கும் இடத்துக்குக் கீழே தேடுவார்கள். அதுவோ பெரும்பாலும் மேலே, கழன்ற இடத்துக்குப் பக்கத்திலேயே பனிக்குள் ஒளிந்திருக்கும். நேற்றுவரை கைகொடுத்த வித்தை இன்று ஏன் கைவிட்டது? குல்மர்க் கற்றுத்தரும் முதல் பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தப் புல்வெளி. டங்மர்க் வரை சாதாரண சாலை. அதற்கு மேல் ஊசியிலைக் காட்டுக்குள் 13 கி.மீ. வளைந்து வளைந்து ஏற்றம். பனி விழுந்த நாட்களில் சக்கரங்களில் சங்கிலி கட்டிய சுமோக்கள்தான் ஏறும். ‘குல்’ என்றால் மலர், ‘மர்க்’ என்றால் புல்வெளி. கோடையில் பெயருக்கு ஏற்ற ஊர். டிசம்பர் 21இல் ‘சில்லை கலான்’ எனப்படும் 40 நாள் கடுங்குளிர் தொடங்கியதும் மலர்களின் நினைவே இல்லாமல் போகும்.

பிரிட்டிஷ்காரர்கள் 1927இல் இங்கு ஸ்கீ சங்கம் அமைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போட்டிகள் நடந்தன. அந்தக் காலத்தில் மேலிருந்து சறுக்க வேண்டுமானால் முதலில் நடந்தே ஏறியாக வேண்டும். அந்த ஏற்றமே ஒரு பள்ளிக்கூடம். எங்கே பனி இறுகியிருக்கிறது, எங்கே பொத்தலாக இருக்கிறது என்பதைக் கால் கற்றுக்கொள்ளும். கோண்டோலா வேலை 1988இல் தொடங்கி, பள்ளத்தாக்கில் தீவிரவாதம் தலைதூக்கியதும் நின்றது. முதல் கட்டம் 1998இல்தான் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2005இல் திறந்தபோது, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் உள்ள அபர்வாட் தோள்பட்டைக்கு யார் வேண்டுமானாலும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர முடிந்தது. கொட்டிக்கிடக்கும் மாவுப் பனியைத் தேடி உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

சமன்செய்த சரிவில் சறுக்குவதற்கும் மாவுப் பனியில் சறுக்குவதற்கும் உள்ள வேறுபாடு, தார்ச் சாலைக்கும் ஆற்று மணலுக்கும் உள்ள வேறுபாடு போன்றது. தொடக்கப் பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுப்பது பலகைகளின் முனைகளை நெருக்கி, வால்களை அகட்டி வேகத்தைக் குறைக்கும் முறை. அடுத்து, இரண்டு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்புவது. திரும்பும்போது உடல் எடையை வெளிப்பக்கக் காலில் போட வேண்டும். பலகையின் இரும்பு விளிம்பு இறுகிய பனியைக் கடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் திருப்பம் நிகழ்கிறது.

மாவுப் பனியில் விளிம்பு கடிக்க எதுவும் இல்லை. ஒரு காலில் எடையைப் போட்டால் அந்தக் கால் மட்டும் அமிழும், மற்றது மிதக்கும். கால்கள் இரண்டும் இரண்டு திசையில் போக, நடுவில் மனிதர் கவிழ்வார். எனவே எடையை இரண்டு கால்களுக்கும் சமமாகப் பகிர வேண்டும். பலகைகளைச் சற்று நெருக்கி, இரண்டும் ஒரே பலகை என்பதுபோல் இயக்க வேண்டும். முழங்காலை மடக்கி அமுக்கினால் கீழே உள்ள பனி நெரிந்து திரும்ப உந்தும். அந்த உந்தலில் உடல் லேசாகும் கணத்தில் திரும்பிவிட வேண்டும். இந்த அசைவைப் பதறாமல், தாளம் தவறாமல் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழகியவர்கள் செய்யும் பெரிய பிழை பின்னால் சாய்வது. முனை புதைந்துவிடுமோ என்ற பயத்தில் உடல் தானாகவே பின்னுக்குப் போகும். சிறிது தூரத்திலேயே தொடை எரியும், பலகை சொன்னபடி கேட்காது. அடுத்த பிழை, வேகத்தைக் கண்டு அஞ்சுவது. மெல்லப் போனால் பலகை அமிழும். ஓரளவு வேகம் வந்தால்தான் மேலெழுந்து மிதக்கும். சைக்கிள் கற்றுக்கொண்ட எவருக்கும் இது புரியும்: ஓடினால்தான் நிற்கும். முதல் சில மீட்டர் திரும்பாமல் நேராகக் கீழ்நோக்கி விடச் சொல்வது பயிற்சியாளர்களின் வழக்கம். கற்றுக்கொள்பவருக்கு அதைவிடக் கடினமான கட்டளை வேறில்லை.

பலகைத் தேர்வும் இங்கேதான் முக்கியமாகிறது. சேற்று வயலில் ஏர்க்கொழு இறங்கும், பரம்புப் பலகை மிதக்கும். அதே கணக்குத்தான். சமன்செய்த சரிவுக்கான பலகை, காலணிக்குக் கீழே உள்ள இடுப்புப் பகுதியில் சுமார் 65 முதல் 80 மி.மீ. அகலம் இருக்கும். மாவுப் பனிக்கென்றே செய்தவை 105 மி.மீட்டருக்கு மேல், சில 120ஐயும் தாண்டும். 1980களின் இறுதியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனம் கொண்டுவந்த அகலப் பலகையைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். 2000களின் தொடக்கத்தில் ஷேன் மெக்காங்கி என்ற வீரரின் யோசனையில் உருவான ‘ஸ்பாட்டுலா’, முனையும் வாலும் படகுபோல் மேல்நோக்கி வளைந்த பலகை. நீரில் சறுக்கும் பலகையைப் பார்த்துப் பிறந்த வடிவம் அது. பனிக்குள் முனை குத்தாமல் ஏறி மிதக்க இந்த வளைவே காரணம். இன்று எல்லா அகலப் பலகைகளிலும் ஏதோ ஓர் அளவில் அந்த வளைவு இருக்கிறது.

அப்படியானால் கடையில் இருப்பதிலேயே அகலமானதை எடுத்துக்கொள்வதுதானே? புதியவர்கள் செய்வது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் குல்மர்க்கின் பனி தினமும் மாவாக இருப்பதில்லை. புயல் ஓய்ந்த ஓரிரு நாளில் கோண்டோலாவை ஒட்டிய சரிவுகள் உழுத வயலாகிவிடும். வெயில் பட்ட பக்கம் மேலே ஓடு கட்டும். இறுகிய பனியில் மிக அகலமான பலகையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் புரட்டுவது கடினம். சுமை முழங்காலில் விழும். முதல்முறை ஆழப் பனிக்கு வருபவருக்கு 95 முதல் 105 மி.மீ. வரையிலான நடுத்தரப் பலகையே ஏற்றது. முனையில் வளைவு, நடுவில் சிறிது பிடிப்பு, அதிக விறைப்பு இல்லாத உடல், நிறுத்தினால் நெற்றி உயரமோ சற்றே கூடுதலோ நீளம்.

பலகைக்கு முன்னால் பார்க்க வேண்டியது காலணி. பாதம் உள்ளே நழுவினால் எவ்வளவு நல்ல பலகையும் வீண். அடுத்தது, காலணியைப் பலகையோடு பூட்டும் பிணைப்பு. விழும்போது அது கழன்றாக வேண்டும், தேவையில்லாதபோது கழலக் கூடாது. எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், திறமை ஆகியவற்றைக் கேட்டு அதைத் திருகித் தர வேண்டும். ஒன்றையும் கேட்காமல் பலகையை நீட்டும் வாடகைக் கடையிலிருந்து திரும்பி வந்துவிடுவது நல்லது.

இத்தனையும் சரியாக அமைந்தால் நடப்பது வியப்பானது. முன்பு பல பருவங்கள் உழைத்துப் பெற்ற மிதப்பைப் புதியவர் ஒருவர் நாலைந்து நாளில் பெற்றுவிடுகிறார். சிக்கல் அங்கேதான். அகலப் பலகை திறமையில் இருக்கும் குறையை மறைத்துவிடும். மலையைப் பற்றிய அறியாமையை அதனால் ஈடுசெய்ய முடியாது. கோண்டோலாவோ அவரைச் சில நிமிடங்களில் உச்சியில் இறக்கிவிடுகிறது. நடந்து ஏறிய காலத்தில் கற்பவருக்கும் ஆபத்தான சரிவுக்கும் இடையே இருந்த ஆண்டுகள் காணாமல் போய்விட்டன.

மாவுப் பனிக்கு மிக இனிமையான சாய்வு எதுவோ, பனிச்சரிவுகள் அதிகம் நிகழும் சாய்வும் ஏறத்தாழ அதுவே: 30 முதல் 45 பாகை. அபர்வாட்டில் கோண்டோலாவுக்குக் கீழே உள்ள நடுக்கிண்ணத்தை ரோந்துக் குழு கண்காணிக்கிறது. அதன் எல்லைக்கு அப்பால் பரந்து கிடக்கும் சரிவுகளில் இறங்குபவர் தம் பொறுப்பில் இறங்குகிறார். 2010 பிப்ரவரியில் கிலன்மர்க் பகுதியில் பனிச்சரிவில் சிக்கி 17 ராணுவத்தினர் இறந்தார்கள். மலைப் போர்ப் பயிற்சிக்கென்றே வந்தவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இந்த மலையில் உயிரிழந்தார்கள்.

எனவே ஆழப் பனிக்கான கருவிகளின் பட்டியல் பலகையோடு முடிவதில்லை. புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்தித் தேடும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு அது வேகமாகக் குறைகிறது. கீழிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாது. உடன் வந்தவர்தான் தோண்ட வேண்டும். அவருக்கு அந்தக் கருவியை இயக்கத் தெரியுமா என்பதைக் கோண்டோலாவில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

உள்ளூர்க்காரர்களின் கவலை இன்னொன்று. பனியை நம்பித்தான் வழிகாட்டிகளும், வாடகைக் கடைக்காரர்களும், பயணிகளை மரச்சறுக்கு வண்டியில் வைத்து இழுப்பவர்களும் பிழைக்கிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டு, ஜயன்ட் ஸ்லாலமில் 45ஆம் இடம் பெற்ற ஆரிஃப் கான் இந்த வட்டாரத்துப் பிள்ளைதான். ஆனால் 2024 ஜனவரியில் சில்லை கலானின் பெரும்பகுதி குல்மர்க்கில் பழுப்புப் புல்லோடு கழிந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. மாவுப் பனி நாட்கள் அரிதாகும்போது வந்தவர்களுக்குப் பொறுமையும் குறைகிறது. காத்திருந்து கிடைத்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது.

நல்ல வழிகாட்டியை அந்த நாளில்தான் அடையாளம் காண முடியும். எல்லைக் கயிற்றருகே நின்று மண்வெட்டியால் குழி வெட்டி, அடுக்குகளைத் தடவிப் பார்ப்பார். வெட்டியெடுத்த பாளத்தை மேலிருந்து கையால் லேசாகத் தட்டுவார். மேலடுக்கு வழுக்கிக்கொண்டு வந்தால், அன்று கயிற்றைத் தாண்டும் பேச்சே இல்லை. “இன்று இல்லை சார், உள்ளேயே இறங்குவோம்” என்பார். பணம் கட்டி வந்தவர் முகம் சுருங்கும். ஏற்கெனவே உழப்பட்ட நடுக்கிண்ணத்தின் ஓரத்தில், மிச்சமிருக்கும் ஒரு துண்டு மாவுப் பனியில் ஏழெட்டுத் திருப்பங்கள் போட்டுவிட்டு, கீழே வந்து உப்புத் தேநீர் குடிப்பார்.

வாடகை என்னவோ முழு நாளுக்கும்தான். மாலையில் பலகை புதுக்கருக்கு மாறாமல் திரும்பி வரும். அதைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைக்கும் கடைக்காரர் காரணம் கேட்பதில்லை.