மூன்றரைச் சுற்று

கல்லூரி முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை கணினி முன்னால் இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு துணிப் பதனிடும் ஆலையில் மெயின்டனன்ஸ் டிரெயினி. மெக்கானிக்கல் படித்தவன்தான், ஆனால் அதுவரை ஒரு வால்வைக் கையால் தொட்டதில்லை. தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன், அவ்வளவுதான். பதினொரு மாதம் அங்கே இருந்தேன். அதில் ஒரு நாளைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பாய்லரிலிருந்து 8 கிலோ பிரஷரில் ஸ்டீம் வரும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு என்றெல்லாம் அங்கே யாரும் சொல்லமாட்டார்கள், கிலோ என்றால் போதும். துணி உலர்த்தும் சிலிண்டர்களுக்கு அவ்வளவு ஆகாது. எங்கள் சிலிண்டர்களுக்கு 3 கிலோ. நடுவில் நின்று எட்டை மூன்றாக்கித் தருவது பி.ஆர்.வி. என்கிற பிரஷர் குறைக்கும் வால்வு. மேலே ஒரு ஸ்பிரிங், அதன் கீழே டயஃப்ரம். ஸ்பிரிங் வால்வைத் திறக்கப் பார்க்கும். வெளியே போகும் ஸ்டீம் டயஃப்ரத்தைத் தள்ளி மூடப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகும் இடம்தான் அந்த 3 கிலோ. தலையில் இருக்கும் ஸ்குரூவை வலப்பக்கம் திருகினால் ஸ்பிரிங் இறுகும், பிரஷர் ஏறும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

இதைப் பராமரிப்பதில் பெரும்பாலும் வால்வுக்கு வெளியேதான் வேலை. சிலிண்டர் ஓடாதபோது பிரஷர் மெல்ல மெல்ல ஏறினால் சீட் போய்விட்டது என்று அர்த்தம். ஈர ஸ்டீம் அசுர வேகத்தில் ஓடி சீட்டில் நூல்போலக் கோடு கிழித்திருக்கும். கழற்றி, பேஸ்ட் தடவி, வட்டமாகத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். கேஜ் முள் ஆடிக்கொண்டே இருந்தால் வால்வு தேவைக்குப் பெரியதாக இருக்கலாம், அல்லது பிரஷரை உணரும் சின்னக் குழாயில் அழுக்கு அடைத்திருக்கலாம். இதெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தவர் ஃபிட்டர் அண்ணன். பத்தாவது தாண்டாதவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். மேனேஜர் இருந்தால் என்னை ‘சார்’ என்பார், இல்லாவிட்டால் ‘தம்பி’. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “எதைத் திருகறதுன்னாலும் மொதல்ல வெளிய எத்தனை மரை தெரியுதுன்னு எண்ணிக்கங்க தம்பி. எத்தனை சுத்துன்னு புத்தகத்துல எழுதிப்போடுங்க.”

அன்றைக்கு மதியம் துணி ஈரமாகவே வெளியே வருகிறது என்று டிரையர் ஆபரேட்டர் சத்தம் போட்டார். போய்ப் பார்த்தேன். கேஜில் 2. அண்ணன் நைட் ஷிஃப்ட், கேட்க ஆளில்லை. ஒரு சுற்று திருகினேன், முள் அசையவில்லை. இன்னொரு சுற்று, அப்போதும் இல்லை. மூன்றரைச் சுற்று திருகிவிட்டு லாக் நட்டை இறுக்கினேன். முள் அதே இரண்டில்தான். டிரையரின் வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லிவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் ரூமுக்கு வந்துவிட்டேன். மரையை எண்ணவில்லை. புத்தகத்தில் எழுதவில்லை. திருகியும் ஒன்றும் ஆகவில்லையே, ஆகாத வேலையை எதற்கு எழுதுவது?

வால்வுக்குப் பின்னால் ஒரு கேஜ் இருப்பதுபோல முன்னாலும் ஒன்று இருந்தது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரவு வந்த அண்ணன் முதலில் பார்த்தது அதைத்தான். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு. அப்படியென்றால் கோளாறு வால்வில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னரில். அதற்கு முந்தின வாரம்தான் குழாய் மாற்றியிருந்தார்கள். துருவும் பேக்கிங் துணுக்கும் சல்லடையை அடைத்திருந்தன. வால்வு முழுக்கத் திறந்துதான் கிடந்திருக்கிறது, பாவம், தருவதற்கு ஸ்டீம்தான் இல்லை. நான் திருகிய மூன்றரைச் சுற்றும் எங்கேயும் போகவில்லை. ஸ்பிரிங்குக்குள் காத்திருந்தது.

லைனை மூடி, சல்லடையைக் கழுவி மாட்டி, ஸ்டீமை முறைப்படி மெதுவாகத்தான் திறந்திருக்கிறார். டிரையர் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. பிரஷர் மூன்றில் நிற்காமல் ஏறியது. மூன்றரையில் சேஃப்டி வால்வு அடித்தது. அது அதன் வேலையைச் சரியாகச் செய்தது; ஆனால் அதன் வெளியேற்றுக் குழாய் கூரைக்கு மேலே போகாமல் ஆள் உயரத்திலேயே முடிந்திருந்தது. பாய்ந்துபோய் மெயின் வால்வை மூடியவரின் வலது முன்கை வெந்துபோனது.

காலையில் விசாரணை. டேபிளில் லாக் புத்தகம். அதில் ஒன்றும் இல்லை. ஆகவே ஸ்டீமை வேகமாகத் திறந்தது அண்ணனின் கவனக்குறைவு என்று முடிவானது. மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். நான் அதே அறையில், மேனேஜருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் சுலபம். உண்மையில், என்னால்தான் என்று எனக்கு அந்த அறையில்தான் புரிய ஆரம்பித்தது. புரிந்து முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. இப்படித்தான் எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். புரிந்து முடிந்த பிறகும் ஒரு முழு நாள் இருந்தது என்பதுதான் நிஜம்.

பிறகு சென்னைக்கு வந்து மென்பொருளில் ஒதுங்கினேன். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தைப் பற்றிப் படித்தது இங்கே வந்தபிறகுதான். அங்கேயும் ஒரு பிரஷர் வால்வு. பிரஷர் இறங்கியதும் மூடியிருக்க வேண்டியது, திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, மூடச்சொல்லி சிக்னல் போனதை மட்டும்தான் காட்டியது. வால்வு நிஜமாக மூடியதா என்பதை அல்ல. மூடிவிட்டது என்று நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அணு உலையின் நீர் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது, உலையின் ஒரு பகுதி உருகியது. அலுவலகத்தில் இந்தக் கதையை ஜூனியர்களிடம் உற்சாகமாகச் சொல்வேன். ‘அனுப்பினேன்’ என்பது வேறு, ‘நடந்தது’ என்பது வேறு, லாக்கில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள் என்பேன். ஈரோட்டுக் கதையைச் சொல்லமாட்டேன்.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் அண்ணன் கையில் கட்டோடு பாய்லர் ஹவுஸுக்கு வந்தார். நான் வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“நேத்து வெளிய ஏழரை மரை இருந்துச்சுங்க தம்பி,” என்றார். ஏழரை என்பதைச் சிரிக்காமல்தான் சொன்னார். “எப்பவும் பதினொண்ணு இருக்கும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“மூணரைச் சுத்துங்களா?”

தலையாட்டினேன். அவர் இடது கையால் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. நான் லாக் நட்டைத் தளர்த்தி, அரைச் சுற்று அரைச் சுற்றாக, முள் நிலைக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்தி இடப்பக்கம் திருகினேன். அவர் வாய்விட்டு எண்ணினார். மூன்றில் முள் நின்றது. சாக்பீஸால் சுவரில் 11 என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

லாக் புத்தகம் அங்கேதான் டேபிள் மேல் இருந்தது. முந்தின நாள் பக்கத்தில், என் கையெழுத்துக்கு மேலே, இரண்டு வரிக்கு இடம் இருந்தது. பேனாவும் சட்டைப் பையில் இருந்தது. பக்கத்தைத் திருப்பி, அன்றைய தேதியைப் போட்டு, பி.ஆர்.வி. செட்டிங் 3 கிலோ, ஓகே என்று எழுதினேன்.