மதுரை, வழி: துபாய்

பஸ் பலகையில் 'வழி' என்ற சொல்லுக்கு ஒரு நாணயம் உண்டு. 'தேனி, வழி: உசிலம்பட்டி' என்றால் உசிலம்பட்டி இடையில்தான் கிடக்கிறது. துபாய், தாய்லாந்து வழியாக மதுரை என்ற தடத்தை நான் கண்டது 2022 நவம்பர் 4இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றில். பாரத ஸ்டேட் வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் வழக்கு. விடுப்புப் பயணச் சலுகையில் (எங்கள் பாஷையில் எல்.எஃப்.சி.) ஊழியர்கள் போன பாதைகள் அதில் வருகின்றன: மொரீஷியஸ் வழியாக ராமேஸ்வரம், ஐரோப்பா வழியாகப் போர்ட் பிளேர். சலுகை உள்நாட்டில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குறுகிய பாதையில் போவதற்கு. நடுவே வெளிநாடு புகுந்தால் வரிவிலக்கு இல்லை, வங்கி வரி பிடித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

சட்டம் சரிதான். குமாஸ்தாவையும் குறை சொல்வதற்கில்லை. கடல் கடக்க அவனுக்கு வேறு உபாயம் ஏது? அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டிலிருக்கும் அந்தச் சில நாட்கள்தான் அவனுக்கு வாய்த்த பருவம். டிசம்பர் 31 காலாண்டுக் கணக்கு முடிக்கும் நாள் வேறு. லீவு வாங்குவதே ஒரு யாத்திரை.

என்னை உறுத்துவது வேறு. போன இடத்தில் பார்த்தது என்ன? சிங்கப்பூர் போய்வந்த நண்பர், "நாலு நாள்ல ஒம்பது இடம் சார்" என்றார். ஒன்பதில் எட்டைக் கைப்பேசிதான் பார்த்திருக்கிறது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார் - செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றதை. அந்தத் தடுமாற்றம் ஒன்றுதான் அவருடைய அனுபவம்.

நம் பயண நூல்களின் கதையும் இதுவே. ஏ.கே. செட்டியார் காந்தி படத்துக்கான சுருள்களைத் தேடி உலகம் சுற்றினார். படம் 1940இல் வந்தது. அவருக்குப் போய்ச் சேரவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதனால் வழியில் இருந்த மனிதர்கள் கண்ணில் பட்டார்கள், தம்மைப் பற்றிப் பேச அவருக்கு அவகாசமில்லை. பின்னால் வந்தவர்கள் பலர் விமான நிலையத்தில் வழியனுப்பியவர்களின் பட்டியலோடு தொடங்குகிறார்கள். ஊர் வருவதற்குள் புத்தகம் பாதி முடிந்துவிடுகிறது.

மதுரை என்று படிவத்தில் எழுதிய அந்த ஊழியர் கோயிலுக்குள் போனாரா என்பது வழக்குக்கு வேண்டாத விஷயம். எனக்கு வேண்டியிருக்கிறது, நான் இங்கே குடியிருப்பவன்.

மார்கழியில் சித்திரை வீதிகளில் இரண்டு கூட்டம் தெரியும். ஒன்று, குளிருக்குத் தப்பி வந்த வெள்ளைக்காரர்கள். மற்றது ஆந்திரத்து ஐயப்ப பக்தர்கள். போகிற இடம் சபரிமலை, மதுரை வெறும் 'வழி'. ராத்திரியெல்லாம் வண்டியில் வந்த அலுப்போடு தூண் தூணாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்குச் சந்நிதிக்குள் அனுமதியில்லை. 2018 தீ விபத்துக்குப் பின் கைப்பேசியும் உள்ளே வராது. ஆகவே வேறு வழியின்றிப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

போன மார்கழியில் பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒரு பிரெஞ்சுக் கிழவி உட்கார்ந்திருந்தாள். குளத்தையும் பார்க்கவில்லை, கோபுரத்தையும் பார்க்கவில்லை. எதிரே கறுப்பு வேட்டிக்காரர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் பிடியைத் தங்கள் கூட்டத்துச் சிறுவனுக்குக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குருசாமி என் பக்கம் திரும்பி, "சாமி, பழனி எந்த தூரம்?" என்றார். சுமார் 120 கிலோமீட்டர் என்றேன். என்ன கேட்டார் என்று அவள் என்னிடம் விசாரித்தாள். சொன்னேன். பழனி என்பதை இரண்டு தரம் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டு, எந்த ஊர்கள் வழியாகப் போக வேண்டும் என்றாள்.