சின்ஸும் ஃபாரும் இல்லாத விடை

நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்ற காலத்தை என்னிடம் படித்த பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். தவறு என்று தெரிந்த பிறகும் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. என் மனத்தை இன்றும் அறுப்பது இரண்டாவதுதான்.

'பத்து வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதனால் பிள்ளைகள் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2010' என்று எழுதுவார்கள். அதைத் திருத்த ஒரு விதி வைத்திருந்தேன். வாக்கியத்தில் 'சின்ஸ்' அல்லது 'ஃபார்' இருந்தால் 'ஹேவ் பீன்' போட்டு வினையோடு 'இங்' சேர், இல்லாவிட்டால் சேர்க்காதே. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் இது மதிப்பெண் வாங்கித் தந்தது. நல்ல வாத்தியார் என்று பெயரும் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு தேர்வில், கண்கள் சிவந்திருக்கும் தோழியிடம் கேட்கும் கேள்வியை முடிக்கச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'ஹேவ் யூ பீன் கிரையிங்?' என்று எழுதியிருந்தாள். சின்ஸ் எங்கே, ஃபார் எங்கே என்று சிவப்பு மையால் அடித்தேன். தாளோடு மேசைக்கு வந்தாள்.

"கிரிக்கெட் கமென்ட்ரில இப்படித்தான் சார் பேசுறாங்க. 'ஹீஸ் பின் பேட்டிங் வெல்'னு."

"கமென்ட்ரி கேட்டு பரீட்சை எழுதாதே. போய் உட்காரு."

வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் சந்தேகம் கேட்டு வந்ததே இல்லை. பேச்சில் 'ஹேஸ் பீன்' தேய்ந்து ஓடிவிடும். பலருக்குக் காதில் விழாது. அவள் அதைப் பிடித்துவைத்திருந்தாள்.

அன்று இரவு இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் எழுதியது சரி. சற்றுமுன் வரை நடந்துகொண்டிருந்த ஒன்றின் தடயம் இப்போது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், ஆங்கிலத்தில் இந்தக் காலம் வரும். மழை விட்டுவிட்டது, தெரு மட்டும் நனைந்திருக்கிறது: 'இட்ஸ் பீன் ரெய்னிங்.' எத்தனை மணியிலிருந்து என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. 'ஐ ஹேவ் ரெட் யுவர் புக்' என்றால் படித்து முடித்தாயிற்று; 'ஐ ஹேவ் பீன் ரீடிங் யுவர் புக்' என்றால் இன்னும் பக்கங்கள் மிச்சமிருக்கலாம். நெடுநாள் பேசாத நண்பரிடம் 'ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ' என்பார்கள். கூப்பிடவேண்டும் என்ற நினைப்பு இத்தனை நாளும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, கூப்பிடத்தான் இல்லை. இவ்வளவு மனசு இருக்கிற ஒரு வாக்கியத்தை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

விதி மறுபக்கமும் பொய்த்தது. தெரிந்திருப்பது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது போன்ற வினைகளுக்கு சின்ஸ் வந்தாலும் பொதுவாக 'இங்' வராது. 'ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2005' என்பதே சரி. என் பேச்சைத் தட்டாத பிள்ளைகள் 'ஹேவ் பீன் நோயிங்' என்று எழுதினார்கள். நான் சொன்னபடியே எழுதியவர்களைக் கவனக்குறைவு என்று திட்டினேன்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லியிருக்க ஒரு நிமிஷம் போதும். சொன்னால் மற்ற தாள்களையும் திருப்பிக் கேட்பார்கள், நேற்று அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டு பாசிவ் வாய்ஸ் நடத்தத் தொடங்கினேன். அவளுடைய மதிப்பெண்ணையும் கூட்டிப் போடவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து கரும்பலகையில் அந்த விதிக்கு முன்னால் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் சேர்த்து எழுதினேன். ஏன் சேர்த்தேன் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை.